குங்குமம் வேண்டாம், எள்ளுருண்டை போதும்

பூஜா வாசலில் நின்றாள். கறுப்புச் சேலை, ஓரத்தில் சன்னமாக வெள்ளிச் சரிகை, தலையில் கொஞ்சம் பூ. நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

"ஆன்ட்டி, நாளைக்கு மங்கள்வார் நாலு மணிக்கு நம்ம வீட்டுல ஹல்தி குங்கும். நீங்க கட்டாயம் வரணும். ஒரு சுவருதானே நடுவுல? சாக்கு சொல்லக் கூடாது."

இந்தியில்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "பாக்கலாம்மா" என்றிருப்பேன். திரும்பியபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் வாடை வந்த பிறகுதான் கவனித்தேன்.

மும்பையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சங்கராந்தி வந்ததும் மராத்திக்காரர் வீடுகளில் சுமங்கலிகளை அழைத்து உட்காரவைத்து, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, எள்ளுருண்டை கொடுப்பார்கள். இனிமேல் இனிப்பாகப் பேசுவோம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். போகும்போது கையில் ஒரு டப்பாவோ கிண்ணமோ வரும். அந்த நாட்களில் கறுப்பு கட்டுவது அவர்கள் வழக்கம். எங்கள் தாராவிச் சந்தில் தை மாதம் முழுக்கக் கறுப்புச் சேலைகள் போய்வந்துகொண்டிருக்கும்.

பூஜா, பக்கத்து வீட்டு சுமன் தாயியின் மருமகள்; தாயி என்றால் மராத்தியில் அக்கா. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுமன் தாயி தான் நடத்தின நாளில் என்னை இதற்கெல்லாம் கூப்பிட்டதில்லை. நான் பொட்டு வைக்காதவள், தாலி போடாதவள் என்று அவளுக்குத் தெரியும். இப்போது சுமன் தாயியின் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். விதவை இதை நடத்த முடியாது. அதனால் மருமகள் நடத்துகிறாள், மருமகள் கூப்பிடுகிறாள்.

சாதாரண நாளாக இருந்தால் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் அது சாதாரண வாரம் இல்லை.

ஒரே சுவர்

எங்கள் சபை கூடிவந்த ஹால், நைன்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் ஒரு தையல்கூடத்துக்கு மேலே இருந்தது. யாரோ வந்து, இங்கே சபை கூடினால் கீழே தையல் மெஷின் இருக்காது என்று ஹால்காரரை மிரட்டியிருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர். பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மெஷின் முக்கியம் பாஸ்டர், கோச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். ஞாயிறு ஆராதனை கோவண்டியில் இன்னொரு சபையோடு சேர்ந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தாராவிப் பெண்கள் அவ்வளவு தூரம் போக முடியாது. மத்தியானம் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்துவிடும்.

ஒருத்தி வாடகை வீடு. ஒருத்தி வீட்டில் மாமனார் முருக பக்தர். ஒருத்தி வீட்டில் புருஷன் குடித்துவிட்டுப் பகலிலும் படுத்திருப்பார். கடைசியில் என் வீடுதான் மிஞ்சியது. தைரியம் இருந்து கொடுக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தபோது இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

சில வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபம் முடிந்து பெண்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, சந்து மண்டல் என்கிற விழாக்குழுவின் பையன்கள் வந்தார்கள். கணபதிக்குப் பந்தல் போடுகிறவர்கள், தஹி ஹண்டி உறியடிக்குப் பானை கட்டுகிறவர்கள். சின்னதில் என் வீட்டு வாசலில் கோலி விளையாடியவர்கள்தான்.

"மாவ்ஷி, இங்க மதம் மாத்துற வேலை நடக்குதாமே?" என்றான் முன்னால் நின்றவன்.

"ஜெபம்தான் பண்றோம்பா."

"அடுத்த வெள்ளிக்கிழமை வருவோம். பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை தொந்தரவுன்னு சொன்னாப் போதும், போலீசுல எழுதிக் கொடுத்து நிறுத்திடுவோம்."

என் வீட்டுக்கு ஒரு பக்கம் பொதுக் கழிப்பறைக்குப் போகிற வழி. இன்னொரு பக்கம் சுமன் தாயியின் வீடு. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் என்றால் சுமன் தாயி ஒருத்திதான். அந்தப் பையன்களுக்குப் பின்னால் போனைப் பார்த்தபடி நின்றிருந்தான் ஒருவன். அவன் சச்சின், சுமன் தாயியின் மகன், பூஜாவின் புருஷன்.

போதாததற்கு அப்போது வீடுகளைக் கணக்கெடுத்துக் கதவுகளில் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். இடித்துவிட்டுப் புது வீடு தருவார்களாம். போலீசில் பேர் ஏறினால் வீடு கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். நானாக நினைத்துக்கொள்வதில்தான் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது.

அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை, பூஜா வந்து அழைக்கிறாள்.

போய்க் குங்குமம் வைத்துக்கொண்டால், ஊருக்குப் பயந்து மறுதலித்தேன் என்றாகும். போகாவிட்டால், அல்லது போய் வேண்டாம் என்றால், புதுப் பெண்ணை முதல் விசேஷத்திலேயே அவமானப்படுத்தியதாகும். சுமன் தாயி வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை சொன்னால் ஜெபம் நின்றுவிடும். அதன்பின் அந்தப் பெண்கள் கூடுவதற்கு வேறு இடமில்லை.

வெள்ளைச் சேலை

நான் எப்படி இந்த வழிக்கு வந்தேன் என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும்.

என் வீட்டுக்காரருக்கு டி.பி. வந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். தோல் பட்டறையில் பெல்ட் ஒட்டுகிற வேலை. எடை குறைந்து, இருமலில் ரத்தம் வந்து, ஆறு மாத மாத்திரை. அந்த ஆறு மாதமும் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள். நானே மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் சோறு போட்டேன்.

செல்வி அக்கா மட்டும் உள்ளே வந்தாள். எங்கள் பக்கத்து திருநெல்வேலிக்காரிதான், அடுத்த சந்து. தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து, இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "தம்பி, ரெண்டு வாய் குடிங்க. கண்ணு பஞ்சடைச்சிருக்கு" என்றாள். பிறகு ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டாள். இவர் சரி என்றார். அவள் பிழைக்கவைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. "இந்த வீட்டுல இவங்க தனியா இருக்காங்கன்னு நெனைக்காதபடி பண்ணும் ஆண்டவரே" என்றாள். நான் அடுப்பு மறைவில் நின்று அழுதேன். எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை எனக்கே தெரியாமல் இருந்தது.

இவர் குணமானார். மாத்திரையால்தான் என்று இவர் சொல்வார். மாத்திரையாலும்தான் என்று நான் சொல்வேன். இரண்டு பேரும் ஒன்றாக ஞானஸ்நானம் எடுத்தோம். பேச்சியம்மாள் ரெபேக்காள் ஆனாள். சந்தில் இன்றுவரை யாருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையவில்லை.

எங்கள் சபையில் நகை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. தாலியும் கழற்றிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை. எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி இல்லை. மாட்டுங்காப் பக்கம் தாலியும் பூவுமாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

முதல் ஞாயிறு வெள்ளைச் சேலையும் வெறுங்கழுத்துமாக வாசலில் இறங்கினேன். குழாயடியில் நின்ற எங்கள் ஊர்க்காரி ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அய்யோ பாவி மட்டை, எப்பட்டி ஆச்சு? நேத்துகூட ரோட்டுல பாத்தனே அவர!"

அவள் போட்ட சத்தத்தில் நாலு வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். உள்ளேயிருந்து இவர் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப்பார்த்தார்.

"என்ன, யாரு செத்தது?" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அழுகையை நிறுத்தத் தெரியவில்லை. அதையே கோபமாக மாற்றிக்கொண்டாள். "குத்துக்கல்லாட்டம் புருஷன வச்சுக்கிட்டு இது என்ன கோலம்? மூதேவி!"

இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கண்ணாடி முன்னால் நின்று, என் வாயால் இல்லாமல் என் சேலையால் அவர் ஆயுசைக் குறைக்கிறேனோ என்று ஒரு நிமிடம் நினைப்பேன். நம்பிக்கை வந்ததும் பயம் போய்விட்டது என்று சாட்சி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் போகவில்லை. பயந்துகொண்டே போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது.

யாரைக் கேட்பது

இவரிடம் கேட்டேன்.

"ஏட்டி, ஒரு எள்ளுருண்டைக்கா இம்புட்டு யோசிக்க? போனா போ, போவாட்டா போவாத."

"வெள்ளிக்கெழம போலீசு வந்தா?"

"டீ போட்டுக் குடு."

"ஒங்களுக்கு எல்லாம் சிரிப்பாணிதான்."

இவர் சிரித்துவிட்டு இருமினார். டாக்டர் அது சாதாரணச் சளி என்று சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. இவர் இருமுகிற மாதத்தில் குங்குமம் வேண்டாம் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? அந்த நினைப்பே தப்பு என்று தெரியும். தெரிந்தும் அது வந்தது.

பாஸ்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரெபேக்கா, நெத்தியில மட்டும் வாங்கிராத. சாமிக்குப் படைச்சதச் சாப்பிட்டுராத. ஆனா அவங்க மனசு நோகவும் கூடாது பாத்துக்கோ."

"அப்ப என்னம்மா செய்ய?"

"ஜெபம் பண்ணிட்டுப் போ."

கறுப்புச் சேலைகள் நடுவே

செவ்வாய்க்கிழமை போனேன். நீல நிற வாயில் சேலை. வெள்ளை வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். இந்தியில் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப்பார்த்துக்கொண்டேன்.

என் வீட்டு அளவே உள்ள அறை. பாய் விரித்துச் சுவரை ஒட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புச் சேலைகள், பச்சை வளையல்கள், அத்தர் வாசனை. வாசலில் செருப்புக் குவியல். பின்பக்கம் ஒரு துணித் திரை, அதற்குப் பின்னால் அடுப்படி.

பூஜா தட்டோடு ஒவ்வொருவராக வந்தாள். பன்னீர் தெளித்தாள், மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள், கையில் எள்ளுருண்டை கொடுத்தாள். அவள் விரல் என் பக்கம் வந்தது.

"பூஜா, குங்குமம் வேண்டாம்மா. எள்ளுருண்டை போதும்."

அவ்வளவு நேரம் பழகி வைத்த வாக்கியங்களில் இதுதான் வந்தது. அவள் விரல் அந்தரத்தில் நின்றது. யாரோ பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள்.

"இவ புருஷன் உசுரோடதானே இருக்கான்?" என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் மராத்தியில் கேட்டாள். மெல்லக் கேட்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டாள்.

"இருக்கான். காலையிலகூட இருமிக்கிட்டே போனான்."

"அப்ப எதுக்கு வேணாங்கிறா? அபசகுனம்! எந்திரிக்கச் சொல்லு, வரிசையில உக்காரக் கூடாது."

பூஜாவின் முகம் சிவந்துவிட்டது. சின்னப் பெண். அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. அவள் அழுதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எழுந்தேன். வாசல் பக்கம் போக வழியில்லை, அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். திறந்திருந்தது திரைப் பக்கம்தான். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திரைக்குப் பின்னால்

சுமன் தாயி அங்கே தரையில் உட்கார்ந்து எள்ளுருண்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வெல்லம் காய்ச்சியதும் எள் வறுத்ததும் அவள்தான். கை விரலெல்லாம் பாகு ஒட்டியிருந்தது. தாராவியிலேயே பிறந்தவள், தமிழர்கள் நடுவே வளர்ந்தவள். என்னோடு பேசும்போது தமிழ், இந்தி எல்லாம் கலந்துதான் பேசுவாள்.

"ஏ பேச்சி, இங்க காய்கோ வந்தே? எதுக்கு?"

"அங்க எடமில்ல தாயி."

"எடம் இல்லையா, வெளியே போட்டாங்களா?"

"நானாத்தான் வந்தேன்."

"பாகல் ஹை தூ, பைத்தியம். உனக்குப் புருஷன் இருக்கான். இது எங்க மாதிரி ஆளு உக்கார்ற எடம். போ, போ."

நான் உட்கார்ந்துவிட்டேன். சுமன் தாயி விரலில் இருந்த பாகைத் துடைத்தாள். பிறகு காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினாள்.

"வந்துட்டே, சும்மா உக்காராதே. கட்டு."

கட்டினேன். ஒன்றை வாயில் போடச் சொன்னாள். பாஸ்டர் அம்மா நினைவுக்கு வந்தாள். "இது சாமிக்குப் படைச்சதா தாயி?" என்று கேட்டேன்.

"அந்தத் தட்டுல இருக்கறது படைச்சது. இது இன்னும் படைக்கலை. சாப்புடணும்னா இப்பவே சாப்டுடு."

சாப்பிட்டேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மறுபடி பேச்சும் வளையல் சத்தமும் ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண்களுக்கெல்லாம் சுமன் தாயி எத்தனை வருடம் குங்குமம் வைத்திருப்பாள்! இன்று ஒருத்தியும் திரையை விலக்கி எட்டிப் பார்க்கவில்லை.

"உன் சாமி குங்குமம் வேணாம் சொல்லுச்சா?" என்று கேட்டாள்.

இதற்கு எங்கள் சபையில் நல்ல விளக்கமெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் ஏழாவதோடு நின்றவள்.

"தெரியல தாயி. ஆனா எங்க ஜெபத்துல யாரு புருஷன் உள்ளவ, யாரு இல்லாதவன்னு பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் கழுத்தும் வெறுங்கழுத்துதான்."

அதுவரை நானே அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.

"விதவை வந்தா எங்க உக்கார வெப்பீங்க?"

"செல்வி அக்கா விதவைதான். அவதான் நடுவுல உக்காந்து பாட்டு எடுப்பா."

சுமன் தாயி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அந்த மோட்டி, குண்டம்மாவா? அந்தப் பெரிய கொரல்காரியா? அவ புருஷன் துபாயில இருக்கான்னுல்ல நெனச்சேன்!"

"செத்து ரொம்ப வருசம் ஆச்சு."

"அரே! அப்புறம் எப்படி அவ்ளோ சத்தமா பாடுறா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தை மறுபடி எடுத்துக் கட்டினாள். வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதற்காகத்தான் வந்து உட்கார்ந்தேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

போகும்போது பூஜா ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் திணித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி

வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். பாட்டுப் பாதியில் இருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. மண்டல் பையன்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். செல்வி அக்கா பாட்டை நிறுத்தினாள்.

அவர்கள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேராகப் பக்கத்து வாசலுக்குப் போனார்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாயி, இவங்களால உங்களுக்குத் தொந்தரவு இருக்கா?"

"இருக்கு" என்றாள் சுமன் தாயி.

நான் படியிலிருந்து ஓரடி இறங்கினேன்.

"எழுதிக்கலாமா?"

"எழுது. பாட்டு ரொம்ப இழுவை. ஒரே வரியத் திரும்பத் திரும்பப் பாடறாங்க, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. எழுதினியா? இதையும் எழுது. கணபதிக்கு நீங்க என் ஜன்னலுக்கு நேரா ஸ்பீக்கர் கட்டினீங்க. சச்சின் அப்பா அப்பப் படுத்த படுக்கை. கொஞ்சம் கொறைச்சு வைங்கடான்னு நான் வந்து கேட்டேன். பண்டிகை தாயி, பொறுத்துக்கோன்னு சொன்னது யாரு? நீதானே?"

அந்தப் பையன் போனைக் கீழே இறக்கினான்.

"ஆயி, உள்ள போ" என்றான் சச்சின்.

"நீ உள்ள போ. சப்பாத்தி ஆறுது."

"காசு குடுத்து மதம் மாத்தறாங்க தாயி, உங்களுக்குத் தெரியாது" என்றான் இன்னொருவன்.

"இவளா? இவ என்கிட்ட சக்கரை வாங்கிட்டுப் போனா ஒரு மாசம் ஆகும் திரும்பி வர."

அது பொய். சர்க்கரையை நான் மறுநாளே கொடுத்துவிடுவேன். அந்த நேரத்திலும் அதைத் திருத்திச் சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது.

"பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் பையன்கள் போனார்கள். சச்சின் அவர்களோடு போகவில்லை. வீட்டுக்குள்ளும் போகவில்லை. சந்து முனையில் தனியாக நின்றான்.

நான் சுமன் தாயியைப் பார்த்துக் கை கூப்பினேன். "அதெல்லாம் வேணாம்" என்றாள். "உன் சாமிக்காகச் சொல்லலை. ஒண்ணரைக்கு என் சீரியல் இருக்கு. அதுக்குள்ள பாடி முடிங்க."

உள்ளே வந்தேன். பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். செல்வி அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பாட்டை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், முடியவில்லை.

நான் எடுத்தேன். அதுவரை சபையில் தனியாக வாய் திறந்தவள் இல்லை. ரொம்ப உயரத்தில் எடுத்துவிட்டேன். இரண்டாவது வரியில் யாருக்கும் குரல் எட்டவில்லை. எனக்கும் எட்டவில்லை. கதவு திறந்தே கிடந்தது. எழுந்து போய்ச் சாத்த வேண்டும் என்று தோன்றியது. அப்படியே உட்கார்ந்து அடுத்த வரியைப் பாடினேன்.